மேற்படி உறுப்பினர்கள்

உம்முல் குவைனில், கழிமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடி.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.
நாளையோடு முடிகிறது
மூன்று ஆலோசனைக் குழுக்களின் பதவிக்காலம்:
ஆமைகளுக்கு ஒன்று,
நீர்க்காகங்களுக்கு ஒன்று,
ஆவுளியாவுக்கு ஒன்று.
கோப்பில் அதற்குக் கடல்மணப்பெண் என்று பெயர்.
முந்நூறு கிலோ எடை, மீசை, நாள் முழுக்கப் புல் மேய்ச்சல்.
பெயர் வைத்தவன் பல மாதம் கடலில் கிடந்தவனாக இருக்கும்.

ஆமை புகுந்த வீடும்
அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள்.
ஆமை புகுந்த இந்த ஆபீசில்தான்
ஒன்பது வருடமாக எனக்குச் சோறு.

வரைவு சிறியது. அரைப் பக்கம்.
'மேற்படி குழுக்களின் உறுப்பினர்கள்
புதிய குழு அமையும் வரை, அல்லது இரண்டாண்டுகள்,
இவற்றில் எது முந்தியதோ அதுவரை
அதே பொறுப்பில் நீடிப்பர்.'
நீடிப்பர்.
அடிக்க இரண்டு நொடி ஆகிறது.

நீர்க்காகக் குழு கடைசியாகக் கூடியது
போன வருடம் பிப்ரவரியில்.
வந்தவர் மூவர். கோரம் இல்லை.
பேரீச்சம்பழம் தின்றார்கள், போனார்கள்.
ஆனாலும் சொல்ல வேண்டும்:
தீவைச் சுற்றி நடக்கவிருந்த ஜெட் ஸ்கீ பந்தயத்தை
பதினோரு நாள் தள்ளிவைத்தது இதே மூவரின் கடிதம்தான்.
முட்டைக்குள் இருப்பதற்குப்
பதினோரு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

பெயர்ப் பட்டியலை ஒட்டும்போது கை நின்றது.
ஆவுளியாக் குழு, வரிசை எண் ஐந்து,
துவைனி பின் கர்பாஷ், துறைமுக மாலுமி, ஓய்வு.
ரமலானுக்கு முன்பே அடக்கம் ஆகிவிட்டது.
இரங்கல் கடிதம் அடித்ததும் நான்தான்,
இதே கம்ப்யூட்டரில், இதே எழுத்துருவில்.

அவர் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.
வாய்க்கால் முகப்பில் மிதக்கும் மஞ்சள் மிதவையை
இருநூறு மீட்டர் மேற்கே தள்ளுங்கள்.
படகுகள் அங்கே திரும்புகின்றன.
அங்கேதான் புல்.
'குறிப்பெடுக்கப்பட்டது' என்று எழுதுவேன்.
இருபத்திரண்டு முறை எழுதியிருக்கிறேன்.
மிதவை இருந்த இடத்திலேயே இருக்கிறது,
இந்த ஜன்னலில் நின்றால் தெரியும்.
சென்ற மாதம் வந்த புகைப்படத்தில்
ஒரு முதுகு. அதில் விசிறி வெட்டிய ஏழு கோடு,
சீரான இடைவெளியில்,
ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி.

விதி பதினான்கு, பிரிவு இரண்டு:
பதவி நீங்கிய உறுப்பினரின் பிரேரணைகள்
தாமாகவே காலாவதியாகும்.
பெயரை எடுத்தால் மிதவையும் போகும்.
பெயரை விட்டால்
செத்தவருக்கு இரண்டு வருடம் நீட்டித்த ஆள் நான்.

இயக்குநரிடம் போய் நின்றேன்.
போனில் இருந்தார்.
'எல்லாப் பெயரும் அப்படியே இருக்கட்டும்,'
கையை மட்டும் ஆட்டினார்.
எல்லாரும் உயிரோடு இருப்பதாக நினைத்தாரா,
தெரிந்தே சொன்னாரா,
நான் கேட்கவில்லை.
கேட்காததற்கும் சம்பளம் உண்டு இங்கே.

என் ஒப்பந்தமும் நாளையோடுதான் முடிகிறது.
மனிதவளப் பிரிவில் இருக்கும் ஷெனாய்
ஆணையை இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்,
'மேற்படி'யில் குமாஸ்தா வரமாட்டான், நைனா,
உனக்குத் தனியாக எழுத வேண்டும்.
யார் எழுதுவார்கள் என்றேன்.
குழுக்களின் குமாஸ்தா என்றார்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவர் முதலில் நிறுத்தினார்.

கையெழுத்து ஆகி வந்தது நாலரை மணிக்கு.
முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது,
வரிசை எண் ஐந்தின் மேல் பாதி விழுந்து.

புதன்கிழமை கூட்டத்துக்கு எத்தனை காவா
என்று கேட்டான் சுகதன்.
உறுப்பினர் எட்டு, இயக்குநர் ஒன்று.
ஒன்பது என்றேன்.
அவன் போன பிறகுதான் தோன்றியது,
போன தடவை பத்து சொல்லியிருந்தேன்.